நாற்பதாயிரம் ரூபா அட்டையும் மன்னார்த் தீவில் ஓர் இரவும்

பெப்ரவரி மாத முடிவோடு என் கடனட்டையின் முதல் வருடம் முடிகிறது என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. முதல் வருடம் இலவசம். இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் நாற்பதாயிரம் ரூபா. அட்டையோடு வந்த சலுகைகளில் நான் தொடாமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது: குறிப்பிட்ட சில விடுதிகளில் ஓர் இரவு இலவசமாகத் தங்கலாம். எந்தெந்த விடுதிகள் என்று தேடினால் நுவரெலியா, காலி, பாசிக்குடா என்று போய்க் கடைசியில் மன்னார் என்று வந்தது. பேசாலை தாண்டிக் கடற்கரையில் ஓர் இடம். மன்னாரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீற்றர். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

ஆகவே இது மன்னாருக்கு வர நினைப்பவர்களுக்கும், இப்படியான விலை கூடிய அட்டை ஒன்றை எடுக்கலாமா, வைத்திருக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்து எழுதுவது.

முதலில் அட்டை என்னிடம் வந்த கதை. நான் மன்னார் நகரத்தை ஒட்டிய பள்ளிமுனைப் பெண். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள். இப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் சம்பளம் விழும் வங்கியிலிருந்து ஓர் அலுவலர் கந்தோருக்கு வந்து மேசை மேசையாக இந்த அட்டையைப் பற்றிச் சொன்னார். பக்கத்து மேசைக்காரி எடுத்தாள், நானும் எடுத்தேன். கறுப்பு அட்டை, வெள்ளி எழுத்தில் என் பெயர். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. கொழும்பில் பெரிய இடங்களின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் எனக்குக் கால் கொஞ்சம் பின்வாங்கும். யார், எங்கிருந்து, எதற்கு என்று யாராவது கேட்டால் பதிலை இரண்டு தடவை சொல்ல வேண்டிவரும். இந்த அட்டையை நீட்டினால் பேச வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டு உள்ளே விடுவார்கள்.

ஒரு வருடத்தில் நான் அனுபவித்தவை: விமான நிலையத்தின் விசேட ஓய்வறை ஒரு முறை. கந்தோர் பயிற்சிக்காகப் பெங்களூர் போனபோது. அங்கே ஒரு தட்டு நூடில்ஸ் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டு எடுக்கலாமா என்று தெரியாததால் எழும்பாமலேயே இருந்துவிட்டேன். உணவகங்களில் விலைக் கழிவு மூன்று தடவை. கோல்ஃப் மைதானத்தில் இலவச அனுமதியும் உண்டாம். அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்குக் கொழும்பில் ஏசி பஸ் ஏறினேன். கட்டணம் 2,300 ரூபா. அட்டை எடுக்கமாட்டார்கள், காசுதான். புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுமார் முந்நூற்றுப் பத்துக் கிலோமீற்றர். முருங்கன் தாண்டும்போது விடியத் தொடங்கியது. தள்ளாடியில் நிலம் முடிந்து தீவுக்குப் போகும் பாலப்பாதை தொடங்கும் இடத்தில் எப்போதும் எனக்கு நித்திரை முழுதாகக் கலைந்துவிடும். இரண்டு பக்கமும் அடி தெரிகிற தண்ணீர், தூரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூநாரைக் கூட்டம். படம் எடுக்க விரும்புகிறவர்கள் இடதுபக்க யன்னல் கேட்டு வாங்குங்கள். மார்ச்சுக்குப் பிறகு வந்தால் பறவைகளை எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டில் அம்மா ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார். அதாவது, வராமல் இருப்பதற்கு ஆயத்தமாக.

“வீடு கிடக்கக் கூலி குடுத்து வேறை இடத்திலை போய் நித்திரை கொள்ளுறதோ பிள்ளை?”

“கூலி இல்லை அம்மா. இலவசம்.”

“சும்மா தாறவன் என்னத்துக்குத் தாறான் எண்டு கேட்டனியே?”

அப்பா இரவு கடலில் பிடித்த நண்டை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் கரையிலிருந்து வந்திருந்தார். “பிள்ளை ஆசையாக் கூப்பிடுது, வாவனப்பா” என்றார். அதன்பின் அம்மா இரண்டு தலையணை, ஒரு போத்தல் தண்ணீர், புட்டுப் பார்சல் மூன்று என்று கட்டத் தொடங்கினார். தலையணைகளை மட்டும் நான் திரும்ப உள்ளே வைத்தேன்.

பள்ளிமுனையிலிருந்து விடுதிக்கு ஓட்டோ 3,000 ரூபா. ஓட்டோக்காரர் செபமாலை அண்ணை எங்கள் வீதிக்காரர், அதனால் போகும்போது எல்லா விபரமும் கேட்டார். அம்மாவே சொன்னார், “இவள் ஒரு கறுப்புக் காட் வைச்சிருக்கிறாள். அதைக் காட்டினால் விடுவாங்களாம்.”

“உதை எங்கை அக்கா சொருகிறது, என்ரை பெற்றோல் டாங்கியிலையோ?” என்றார் செபமாலை அண்ணை. அவர் சொன்னது பகிடி என்றாலும் தகவலும்தான். தீவில் அட்டை செல்லும் இடங்கள் மிகக் குறைவு: ஒன்றிரண்டு பெரிய கடைகள், எரிபொருள் நிலையம், இப்படியான விடுதிகள். மிச்சம் எல்லாம் காசு. தோட்டவெளி, ஓலைத்தொடுவாய், பேசாலை என்று வீதி நேராகப் போகும். பனைகளுக்கு மேலால் காற்றாலைகள் சுற்றும். கழுதைகள் வீதியின் நடுவில் நின்று யோசிக்கும், ஓட்டோதான் விலக வேண்டும்.

விடுதி வாசலில் காவலாளி தடையை உயர்த்துவதற்கு முன்பே அப்பாவின் கை சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துவிட்டது. வரவேற்பு மேசையில் தன்னுடையதையும் அம்மாவினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேசையில் இருந்த முருங்கன் ஊர்ப் பெண் இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள்.

“உங்கடை தேவையில்லை ஐயா. மகளின்ரை காட் ஒண்டே காணும்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ பெரிய உத்தியோகம் கிடைத்த பிள்ளையைப் பார்ப்பது போல. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அந்தச் சந்தோசம் இரண்டு நிமிடம்தான். இலவச இரவு இரண்டு பேருக்கு மட்டும் என்றும், மூன்றாவது கட்டிலுக்கு 6,500 ரூபா என்றும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

“நான் விறாந்தையிலை படுப்பன். நல்ல காத்து வருது” என்றார் அப்பா, முழு நேர்மையோடு.

கட்டினேன். வாசகர்கள் கவனிக்க: ‘இலவசம்’ என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் எத்தனை பேர் என்று இருக்கும். படியுங்கள்.

அறை அழகானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கதவைத் திறந்தால் முப்பது அடியில் கடல். அம்மா கட்டிலின் விளிம்பில் இருந்து, வெள்ளை விரிப்பைக் கையால் தடவிப் பார்த்து, “இதை ஆர் தோய்க்கிறது?” என்று கேட்டார். அப்பா கதிரையை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்து அட்டையைக் கேட்டார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதிலை உன்ரை படம் இல்லையே. படம் இல்லாமல் எப்பிடி விட்டவன்?”

“பெயர் இருந்தால் காணும் அப்பா.”

“ஆர் கையெழுத்து வைச்சது?”

“நான்தான்.”

“நீயே?” அட்டையை இன்னொரு தடவை திருப்பினார். பிறகு துவாய் நுனியால் அதைத் துடைத்துத் தந்தார். “கவனமா வை. துலைஞ்சால் திருப்பி எடுக்கிறது கரைச்சல்.”

அவர் எதற்கு இவ்வளவு கவனம் என்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பின்னேரம் மூவரும் கரையோரம் நடந்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு ஏழரை மணிக்கு விடுதியின் உணவகத்துக்குப் போனோம். நண்டுக் கறி 4,800 ரூபா என்று இருந்ததைப் பார்த்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “காலமை நான் நிறுத்துக் குடுத்த நண்டாத்தான் இருக்கும். ஓட்டோவிலை வராமல் இதோடை ஐசுக்குள்ளை வந்திருக்கலாம்.” அம்மாவும் சிரித்தார். அந்த நல்ல நேரத்தில்தான் நான் சாதாரணமாகச் சொன்னேன், இந்த அட்டை மாதக் கடைசியோடு முடிகிறது, இனி எடுக்கப் போவதில்லை, வருடத்துக்கு நாற்பதாயிரம் கேட்கிறார்கள் என்று.

“நாப்பதாயிரமோ! மாதாவே!” என்றார் அம்மா.

நான் எதிர்பார்த்தது அதைத்தான். அப்பா நண்டைத் தட்டில் வைத்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

“முடியப் போகுது எண்டு தெரிஞ்சும் ஏன் இன்னும் புதுப்பிக்கேல்லை?”

“தேவையில்லை அப்பா. லாபம் இல்லை.”

“லாபமோ? நீ தனியக் கொழும்பிலை நிக்கிறாய். நாளைக்கு வாசல்லை மறிச்சால் என்னத்தைக் காட்டுவாய்? நாப்பதாயிரம்தானே, வலையிலை நண்டு படுகிற காலம், நான் தாறன். பாஸை மட்டும் விடாதை.”

அப்போதுதான் விளங்கியது. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: யுத்த காலத்தில் எங்கள் கரை மீனவர்கள் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். படம் ஒட்டிய ஓர் அட்டை. போகும்போது கரையில் ஒப்படைத்து, வந்தபின் திரும்ப வாங்குவார்கள். தவணை முடிந்துவிட்டால் புதியது கைக்கு வரும்வரை படகு மணலில்தான். முப்பது வருடம் அப்படி வாழ்ந்தவருக்கு, நீட்டினால் கதவு திறக்கிற, தவணை உள்ள அட்டை என்றால் அது பாஸ்தான். வேறு என்னவாக இருக்க முடியும்?

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவின் பாஸ் ஒருமுறை முடிந்துபோனது. அவர் திகதியைப் பார்க்கத் தவறிவிட்டார். புதியது வரும்வரை இரண்டு வாரமும் அவர் வீட்டில். என் சின்ன வயதில் அதைப் போல் இனிப்பான நாட்கள் வேறு இல்லை. சைக்கிள் பாரில் துவாய் சுற்றி என்னை இருத்திக்கொண்டு, வெளியூரார் பாவோபாப் என்று தேடிவரும் எங்கள் ஊர்ப் பெருக்க மரத்தடிக்குப் போவார். பத்துப் பேர் கைகோர்த்தாலும் சுற்ற முடியாத அந்த அடிமரத்தில் என்னைச் சாய்த்து நிறுத்தி, நான் எவ்வளவு சின்னவள் என்று காட்டுவார். கோட்டை மதில், உப்புத் தரவை வெளி, பேசாலைக் கோயில் மணல் என்று நாளுக்கு ஓர் இடம். இன்றைக்கும் நான் பயணம் போக ஆசைப்படுகிறேன் என்றால் அந்தச் சைக்கிளில்தான் அது தொடங்கியது. கொழும்பில் பஸ்ஸில் நசிபடும் பின்னேரங்களில் அந்தச் சைக்கிள் மிதிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

இதைச் சிரித்துக்கொண்டே மேசையில் சொன்னேன். “பாஸ் முடிஞ்சதாலை தானே அப்பா எனக்கு ஊர் சுத்திக் காட்டினீங்கள்.”

அப்பா தண்ணீரைக் குடித்தார். “உனக்கு அது விளையாட்டு. எனக்கு வீட்டுக்குள்ளை இருக்கேலாமல்தான் உன்னை ஏத்திக்கொண்டு திரிஞ்சனான். இருந்தால் கொம்மாவின்ரை முகத்தைப் பாக்கோணும்.”

“ஏன், என்ரை முகத்துக்கு என்ன?” என்றார் அம்மா. பிறகு என்னிடம் திரும்பி, “ரெண்டு கிழமையும் கஞ்சிதான். நீ நல்ல ருசி எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டனி” என்றார்.

அந்தக் கஞ்சியும் எனக்கு நினைவிருக்கிறது. ருசியாகத்தான் இருந்தது. இப்போதும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இனிக்கிறது. அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஆனால் அவருக்குள் அவை எப்படிக் கிடந்தன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டணத்தைக் கட்டிவிட்டால் அப்பா நிம்மதியாக இருப்பார். கட்டாவிட்டால் என்னை வாசல்களில் மறிப்பதை நினைத்துக்கொண்டே வலை இழுப்பார். அந்த அட்டை நாற்பதாயிரம் ரூபா பெறாது. அவர் நிம்மதி அவ்வளவு பெறாது என்று எப்படிச் சொல்வது?

இரவுச் சாப்பாட்டின் முழுத்தொகை 14,200 ரூபா. கட்டிலோடு சேர்த்து என் இலவச இரவுக்கு 20,700 ரூபா.

காலையில் அறை துப்புரவு செய்ய வந்த அக்கா வாசலில் திகைத்து நின்றார். அம்மா கட்டில்களை விரித்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, மணலையும் கூட்டித் தள்ளியிருந்தார். “அப்ப எனக்கு என்ன வேலை அம்மா?” என்று அவர் கேட்க, அம்மா அவரை இருத்தி மிஞ்சிய புட்டைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் செபமாலை அண்ணையோடு தலைமன்னார்ப் பழைய இறங்குதுறைக்குப் போனோம். விடுதியிலிருந்து இருபது நிமிடம். அனுமதிக் கட்டணம் எதுவும் இல்லை. துருப்பிடித்த தூண்கள் கடலுக்குள் வரிசையாகப் போகும். பக்கத்தில் வெள்ளை வெளிச்சவீடு. “நான் பெடியனா இருக்கேக்கை இதிலை இந்தியாக் கப்பல் வந்து நிக்கும்” என்றார் அப்பா. “ஏறேல்லை. பாக்கிறதுக்குத்தான் வருவம். பெட்டியளோடை சனம் ஏறுறதைப் பாத்துக்கொண்டு நிக்க நல்லா இருக்கும்.” வந்த இரண்டு நாளில் அவர் முகம் அவ்வளவு இளகியிருந்தது அப்போதுதான். உடனே மறுபடி நினைவு வந்துவிட்டது. “பிள்ளை, வங்கிக்காரருக்கு இப்பவே போன் எடு. எனக்கு முன்னாலை கட்டிவிடு.”

வங்கியின் விசேட இலக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கலாம். இது அட்டையின் உண்மையான நன்மை ஒன்று. தமிழில் பேச மூன்றை அழுத்தினேன். காற்று இரைந்ததால் தொலைபேசியின் சத்தத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வெளியே விட்டேன். மறுமுனையில் ஒரு பெண் வந்தாள். புதுப்பிப்பது பற்றிப் பேச வேண்டும், கட்டணம் கொஞ்சம் கூட, அதுதான் யோசிக்கிறேன் என்று இழுத்தேன். அவ்வளவுதான் சொன்னேன்.

“பிரச்சினையில்லை மெடம். நீங்கள் எங்கள் விசேட வாடிக்கையாளர். உங்களுக்காகக் கட்டணத்தில் பாதியைக் குறைக்கலாம்.”

அப்பாவின் தலை நிமிர்ந்தது. நண்டு வாங்க வரும் கொம்பனிக்காரர்களோடு நாள் தவறாமல் விலை பேசுபவர் அவர். தொலைபேசியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

“பிள்ளை, நான் தகப்பன் கதைக்கிறன். பாதிக்குத் தருவியளோ?”

“ஓம் ஐயா, தரலாம்.”

“அதுவும் எங்களுக்குக் கஷ்டம் எண்டால்?”

“ஒரு நிமிடம் லைனில் இருங்கள் ஐயா. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன்.” பாட்டு வந்தது.

அப்பா தொலைபேசியைக் கையால் பொத்தினார். அவர் கண்ணில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “இஞ்சை பார், இது பாஸ் இல்லை. பாஸ் குடுக்கிற இடத்திலை ஆராவது விலை குறைச்சதைக் கண்டனியே? இது சாமான். நீ திரும்பி நடந்தால் அவன் பின்னாலை வருவான்.”

“நானும் அதைத்தானே அப்பா சொன்னனான்.”

“நீ லாபம் இல்லை எண்டுதான் சொன்னனி. சாமான் எண்டு சொல்லேல்லை.”

பாட்டு நின்றது. மூன்று மாதத்துக்குள் ஐந்து லட்சம் ரூபாவுக்குப் பொருட்கள் வாங்கினால் முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்வார்களாம். அம்மா, “ஐஞ்சு லச்சத்துக்கு என்னத்தை வாங்கிறது, இந்த வெளிச்சவீட்டையோ?” என்றார், அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படியாக. அந்தப் பக்கத்திலும் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

அப்பா தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “சொல்லு.”

“வேண்டாம். நிப்பாட்டி விடுங்கோ” என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

நீங்கள் வருடத்தில் நாலைந்து தடவை விமானம் ஏறுபவர், விடுதிகளில் எப்படியும் காசு செலவழிப்பவர் என்றால் இப்படியான அட்டை கட்டணத்தை மீட்டுத் தரலாம். கடந்த வருடம் நீங்கள் உண்மையில் பயன்படுத்திய சலுகைகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், பயன்படுத்தக்கூடியவற்றை அல்ல. காசு கட்டித் தங்கிய இந்த ‘இலவச’ இரவைத் தவிர்த்தால் என்னுடையது ஒன்பதாயிரத்தைத் தாண்டவில்லை. பிடித்திருந்தாலும் ஒருமுறையாவது நிறுத்தப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், விலை அப்போதுதான் தெரியும். கதவுக்கு முன்னால் கால் பின்வாங்குகிறதே என்பதற்காக மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், நான் புத்தி சொல்லமாட்டேன். நானும் அதற்காகத்தான் வைத்திருந்தேன். என் கால் இப்போதும் கொஞ்சம் பின்வாங்குகிறது.

மன்னாருக்கு வருபவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள். காசு கொண்டுவாருங்கள். பெருக்க மரத்துக்கு நகரத்திலிருந்து போக ஓட்டோவுக்கு முந்நூறு ரூபாவுக்கு மேல் கொடுக்க வேண்டாம். தலைமன்னாருக்குக் காலையிலேயே போங்கள், பதினொரு மணிக்குப் பிறகு மணல் சுடும்.

கொழும்பு வந்து நாலாம் நாள் அம்மா தொலைபேசி எடுத்தார். அப்பா நண்டு நிறுக்கும் இடத்தில் நின்று எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்கிறாராம். வங்கிக்காரர் தன்னிடம் கடன் கேட்டு வந்தவர்கள் மாதிரிக் கெஞ்சினார்கள் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டியும் சொல்கிறாராம்.

“நேற்று நிறுவை பிழைச்சதும் தெரியாமல் நிண்டு கதைச்சவராம் உன்ரை கொப்பர்,” என்றார் அம்மா. “என்ன சொன்னவர் தெரியுமே? ‘எங்கடை வாழ்க்கையிலை எத்தினை அட்டை கண்டிட்டம். வேண்டாம் எண்டு சொல்லக்கூடிய அட்டையை இப்பதான் கண்டனான்’ எண்டு.”